சூடு யாரிடம் போகிறது?

உக்குவளை மின் நிலையத்தின் விசையாழிகளைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையில் இறங்கும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கிறது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே கொண்டுவரப்படும் தண்ணீர் அது. 1976 முதல் அப்படித்தான் வருகிறது. சுரங்கமும் விசையாழியும் இல்லாமல் அதே தண்ணீர் பாறையில் மோதி விழுந்திருந்தால் மிகச் சிறிய அளவில் சூடேறியிருக்கும். 427 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடும் என்பது இயற்பியல் கணக்கு. உக்குவளையில் வீழ்ச்சி அதைவிடப் பல மடங்கு குறைவு, ஆகவே கூடுவதும் ஒரு பாகையில் சிறு பின்னம்தான். ஆனால் அந்தப் பின்னம்தான் சுமார் 40 மெகாவாட் மின்சாரமாக வெளியே வருகிறது. சூடாகி வீணாகியிருக்க வேண்டியது, சூடாகாமலே வேலையாக மாறிவிடுகிறது.

மின் நிலையத்துக்கு வெளியே, வத்துகாமத்துக்கும் மாத்தளைக்கும் இடையே ஓடும் பஸ்களிலும் கார்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் கதை வேறு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி வெளிப்படும். நல்ல எஞ்சினாக இருந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். மிச்சத்தில் ஏறக்குறையப் பாதி புகைக்குழாய் வழியாகவும் மறுபாதி பெரும்பாலும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறும். அந்த மிச்சச் சூட்டைக் கொண்டு சுமார் 70 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஓர் அண்டா வெந்நீர். வீதியில் போகும் ஒவ்வொரு வண்டியும் அந்த வெந்நீரைப் போகும் வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போகிறது.

வாகனத்தைக் குளிர்விப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் சூட்டை இல்லாமல் ஆக்கும் கருவி எதுவும் வாகனத்தில் கிடையாது. சிலிண்டர் சுவரிலிருந்து கூலன்ட் நீருக்கு, அங்கிருந்து ரேடியேட்டரின் தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து வீதியோரம் நடந்து போகிறவரின் முகத்துக்கு என்று அது இடம் மாறுகிறது. வண்டி குளிர்கிறது என்றால் வேறு ஏதோ ஒன்று சூடாகிறது. தான் குளிர்ச்சியாக இருப்பதற்காகத் தன் சூட்டை இன்னொருவர் தலையில் இறக்கிவைப்பது சரியா? கராஜில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் உக்குவளைப் பக்கத்தில் அடுத்தடுத்து வாழும் பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தீயும் குளிர்ச்சியும் வழிபாட்டின் நடுவிலேயே இருக்கின்றன. அவர்களுடைய முன்னோர் யோசித்து வைத்தவற்றை வாகனத்தின் பொனட்டுக்கு அருகே கொண்டுவந்து பார்த்தால், பொறியியல் நூல்கள் கேட்காமல் விட்ட சில கேள்விகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலில் பொறியியல் சொல்வதை முழுமையாகக் கேட்டுக்கொள்வது நியாயம். 1824இல் சாடி கார்னோ என்ற 28 வயதுப் பிரெஞ்சுப் பொறியியலாளர் நீராவி எஞ்சின்களைப் பற்றிச் சிறிய நூல் ஒன்றை வெளியிட்டார். வெப்பத்திடமிருந்து வேலை வாங்கச் சூடான ஓர் இடம் மட்டும் போதாது, குளிர்ந்த ஓர் இடமும் வேண்டும் என்பது அவர் கண்டுகொண்ட உண்மை. ஒன்றிலிருந்து மற்றதற்கு வெப்பம் இறங்கும்போதுதான் வேலை நடக்கும். அப்படி இறங்குவது முழுவதையும் வேலையாக்கிவிட எந்தக் கெட்டிக்கார எஞ்சினாலும் முடியாது.

இதன் பொருள் சாதாரணமானதில்லை. வண்டி வெளியே விடும் சூட்டைத் தயாரிப்பாளரின் கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாது. எரித்து ஓடும் இயந்திரம் எதுவானாலும் தன் சூட்டை வாங்கிக்கொள்ள ஒருவரை வைத்திருந்தே ஆக வேண்டும். வாங்குகிறவர் இல்லாவிட்டால் எஞ்சினும் இல்லை. எரியறையில் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகையைத் தாண்டும். அதைச் சுற்றியிருக்கும் அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே எஞ்சினைக் காப்பாற்றி வைத்திருப்பது, ஓயாமல் சுற்றிவரும் கொஞ்சம் தண்ணீர்தான். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியில் பலகடுவ ஏற்றத்தில் பொனட்டைத் திறந்துவிட்டு, ஆவி பறக்க நின்ற பழைய லொறிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுற்று அறுந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும்.

சூட்டை முதலில் வாங்குகிறவர் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே இருக்கிறார். முன்புறம் எஞ்சின் வைத்த லேலண்ட் பஸ்களில் அந்த எஞ்சின் பெட்டி சாரதியின் இடது முழங்காலை ஒட்டியிருக்கும். நாள் முழுவதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் உடம்பும் அந்தக் குளிர்விப்பு ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். எந்த வரைபடத்திலும் அவரைக் காட்டுவதில்லை. அடுத்ததாக வாங்குகிறவர்கள் வீதியில் இருப்பவர்கள். குளிரூட்டி போட்ட கார் இதில் இன்னும் ஒரு படி போகிறது. உள்ளேயிருந்து எடுத்த சூட்டோடு, அதை எடுப்பதற்காக அமுக்கி செய்த வேலையின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. உள்ளே குறைவதைவிட வெளியே கூடுவது எப்போதும் அதிகம். இது விதி, விலக்குக் கிடையாது. மாத்தளை நகரத்தில் பகல் நெரிசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிற்கும் காரின் குளிர்ச்சிக்கான செலவைப் பக்கத்தில் நிற்கும் முச்சக்கர வண்டியில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் கொடுக்கிறாள்.

உக்குவளையிலிருந்து மாத்தளை நகரத்தைக் கடந்து வடக்கே சிறிது தூரம் போனால் அலுவிகாரை. வாய்வழியாக வந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இந்தக் குகை விகாரையில்தான் என்பது பௌத்த மரபு. கி.மு. முதலாம் நூற்றாண்டு, வட்டகாமணி அபய மன்னன் காலம். பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் இறந்துபோனால் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்தில் எழுதினார்கள். அப்படி எழுதப்பட்டவற்றுள் புத்தர் கயாசீசத்தில் செய்த தீப் பிரசங்கமும் ஒன்று. கேட்டவர்கள் ஆயிரம் பேர், துறவுக்கு முன் தீ வளர்த்து வழிபட்ட சடாதாரிகள். அவர்களுக்குத் தெரிந்த பொருளையே எடுத்துக்கொண்டு பேசினார். கண்ணும் காதும் மனமும் எரிந்துகொண்டிருக்கின்றன, ஆசையாலும் பகையாலும் மயக்கத்தாலும் எரிகின்றன என்பது அந்தப் பிரசங்கத்தின் சாரம். தீயை வளர்ப்பதையே புண்ணியமாக நினைத்தவர்களிடம் அதைச் சொல்லப் பெரிய துணிவு வேண்டும்.

அதே திரிபிடகத்தில் வச்சகோத்தர் என்ற பரிவிராசகரோடு நடந்த உரையாடல் ஒன்றும் இருக்கிறது. விடுதலை பெற்றவர் இறந்த பின் எங்கே போகிறார் என்று அவர் கேட்கிறார். புத்தர் திருப்பிக் கேட்கிறார்: உன் முன்னால் எரிந்த தீ அணைந்துவிட்டால் அது கிழக்கே போனதா, மேற்கே போனதா என்று கேட்பாயா? அந்தக் கேள்வியே பொருந்தாது என்கிறார் வச்சகோத்தர். புல்லையும் விறகையும் பற்றி எரிந்தது, விறகு தீர்ந்தது, அணைந்தது. அவ்வளவுதான்.

இயற்பியல் தெரிந்த ஒருவர் இங்கே தடை சொல்லலாம். தீ அணைந்தாலும் அதன் சூடு எங்கோ போயிருக்கும், திசையும் உண்டு. உண்மை. ஆனால் புத்தர் பேசுவது ஏற்கெனவே எரிந்ததன் சூட்டைப் பற்றி அல்ல, இனி எரியாமலிருப்பதைப் பற்றி. இங்கேதான் குளிர்ச்சி இரண்டு வகையாகப் பிரிகிறது. ஒன்று, எரியவிட்டுச் சூட்டை வேறெங்கோ அனுப்பிக் குளிர்வது. மற்றது, விறகை எடுத்துவிடுவதால் குளிர்வது. முதல் வகையில் வாங்குகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். இரண்டாவது வகையில் யாருடைய தலையிலும் எதையும் இறக்க வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாகன உலகம் முதல் வகையில் மட்டுமே தன் அறிவையெல்லாம் செலவிட்டது. பெரிய ரேடியேட்டர், வேகமான விசிறி, அழுத்தம் கூடிய மூடி, நல்ல கூலன்ட். எல்லாம் சூட்டை இன்னும் விரைவாகத் தள்ளிவிடும் வழிகள்.

இரண்டாவது வகைக்கு வாகனத்தில் இடமுண்டா? கொஞ்சம் உண்டு, அதை இந்த மலைப் பாதைகளில்தான் நன்றாகக் காணலாம். 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று 100 மீற்றர் உயரம் இறங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். ஏறும்போது சேர்த்துவைத்த சக்தி ஏறக்குறைய 1.47 மெகாஜூல். 5 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான அளவு. சாதாரணக் காரில் எஞ்சின் இழுவை தடுத்தது போக மீதி அத்தனையும் பிரேக் தட்டுகளில் சூடாகிக் காற்றில் போகிறது. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர்களுக்கு அடியில் கருகிய வாடை வருவது அதனால்தான். மின்காரிலும் ஹைப்ரிட் காரிலும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைக்கிறது. அந்தச் சக்தியில் பெரும்பகுதி பற்றரிக்குத் திரும்பிப் போய் அடுத்த ஏற்றத்துக்கு உதவுகிறது. பிரேக் தட்டு குளிர்ந்து கிடக்கிறது, யாரும் அதைக் குளிர்விக்கவில்லை. உக்குவளை விசையாழியில் தண்ணீருக்கு நடப்பதும் இதுவேதான். விழவேண்டியது விழட்டும், ஆனால் சூடாகிப் போகவேண்டாம் என்ற ஏற்பாடு.

மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இயக்கமாக மாற்றிவிடும். அதனால் மின்கார் சூட்டுப் பிரச்சினையைக் கடந்துவிட்டது என்று விளம்பரங்களைப் பார்க்கிறவர்கள் நம்பிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. அளவு குறைந்தது, ஆனால் பொறுத்துக்கொள்ளும் எல்லையும் குறுகிவிட்டது. பெற்றோல் எஞ்சின் 90 பாகையில் நிம்மதியாக ஓடும். லித்தியம் பற்றரிக்கு விருப்பமானது ஏறக்குறைய 15 முதல் 35 பாகை வரை, அதாவது மனித உடம்பு சுகமாக உணரும் அதே எல்லை. பிரியஸ், அக்வா போன்ற ஹைப்ரிட் கார்களின் நிக்கல் பற்றரியும் சூட்டுக்கு அஞ்சியதுதான். அதைக் குளிர்விக்கும் காற்று, பயணிகள் இருக்கும் இடத்திலிருந்தே பின் ஆசனத்தருகே உள்ள துவாரம் வழியே எடுக்கப்படுகிறது. அதன் மேல் தலையணையையோ பையையோ வைத்து மூடினால், அல்லது அந்த விசிறியில் தூசு அடைத்தால், பற்றரி சீக்கிரம் கெட்டுவிடும் என்பது இலங்கையின் ஹைப்ரிட் கராஜ்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த பாடம். இயந்திரமும் பயணியும் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. பயணி தனக்குப் பிடிக்காத சூட்டில் இயந்திரத்தையும் அடைத்து வைக்க முடியாது.

நிசான் லீஃப் வேறொரு பாடம் சொல்லித் தந்தது. 2010இன் இறுதியில் சந்தைக்கு வந்த அந்தக் காரின் பற்றரிக்குத் தண்ணீர்ச் சுற்றும் இல்லை, விசிறியும் இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் பற்றரிகள் வேகமாகத் தேய்வதாக உரிமையாளர்கள் முறையிட்டார்கள். பின்னர் சூட்டைத் தாங்கும் புதிய இரசாயனக் கலவையோடு பற்றரி வந்தது. வரிச் சலுகை கிடைத்த 2015ஐ ஒட்டிய காலத்தில் இலங்கைக்கு ஆயிரக்கணக்கில் வந்த மின்கார்களில் பெரும்பாலானவை லீஃப்தான். இன்றும் பழைய லீஃப் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ஓடிய கிலோமீற்றரை அல்ல, “எத்தனை பார் இருக்கு?” என்றுதான். முகப்புத் திரையில் 12 கோடுகள் இருக்கும். பற்றரி தளரத் தளர ஒவ்வொன்றாக மறையும். வெயிலில் நிறுத்திய ஆண்டுகளும் அவசரமாக ஏற்றிய மின்சாரமும் அந்தக் கோடுகளில் பதிவாகியிருக்கும். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் உள்ளே பிறக்கும் சூடு நான்கு மடங்காகிறது. வேக மின்னேற்றத்தின் விலை இதுதான்.

அப்படியென்றால் எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். இந்த இடத்தில் உக்குவளைப் பள்ளிவாசல்களில் ஓதப்படும் குர்ஆன் சொல்லும் இப்ராஹீம் நபியின் வரலாறு துணைக்கு வருகிறது. சிலைகளை மறுத்ததற்காக அவரைத் தீயில் எறிந்தபோது, அந்தத் தீ அவருக்குக் குளிர்ச்சியாகவும் பாதுகாப்பாகவும் ஆகவேண்டும் என்று இறைவன் ஆணையிட்டான். குளிர்ச்சி என்று மட்டும் சொல்லியிருந்தால் போதாதா என்று விரிவுரையாளர்கள் கேட்டார்கள். போதாது, பாதுகாப்பு என்றும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் குளிரே அவருக்குத் தீங்காகியிருக்கும் என்ற விளக்கம் நபித்தோழர் இப்னு அப்பாஸின் பெயரால் வழங்குகிறது. தீயிலிருந்து காப்பாற்றுவது வேறு, குளிரில் தள்ளிவிடுவது வேறு என்று கண்ட அந்த நுட்பம் வியப்பூட்டுகிறது.

எஞ்சினில் அந்த நுட்பத்தைக் காப்பது மெழுகு அடைத்த சிறு வால்வு. தேர்மோஸ்டாட் என்பது அதன் பெயர். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகவிடாமல் தடுத்து வைத்திருக்கும். 82 முதல் 90 பாகை அளவில் மெழுகு உருகி விரிந்து வழிவிடும். “நம்ம நாட்டுச் சூட்டுக்கு இது எதுக்கு அண்ணே, கழட்டிப் போட்டிருவம்” என்று சொல்லும் வழக்கம் நம் கராஜ்களில் நெடுங்காலம் இருந்தது. கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடும், எண்ணெயில் நீர் தங்கிச் சேறு கட்டும், எரிபொருள் கூடுதலாகப் போகும், சுவர்கள் தேயும். அன்போடுதான் செய்தார்கள், கெட்டது எஞ்சின். லித்தியம் பற்றரியிலும் இதே கதை உண்டு. உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகவே தகட்டில் படிந்துவிடும். குளிர் நாடுகளில் பற்றரியைச் சூடாக்கிய பிறகே மின்னேற்றத் தொடங்கும் கார்கள் இருப்பது அதனால்தான்.

தீ பற்றிய பழைய சிந்தனை எதுவும் நேரில் காணாத ஒன்றையும் இந்தப் பற்றரி கொண்டுவந்திருக்கிறது. விறகை எடுத்தால் தீ அணையும், காற்றை மறித்தாலும் அணையும். பற்றரித் தீ அப்படியல்ல. கெட்டுப்போன லித்தியம் கலம் ஏறக்குறைய 100 பாகையை அண்மிக்கும்போது அதன் உள்படலங்கள் சிதையத் தொடங்கும். 130 பாகை அளவில் தகடுகளைப் பிரித்து வைத்திருக்கும் மென்தாள் உருகும். இன்னும் ஏறினால் சிலவகைப் பற்றரிகளில் நேர்த்தகடே ஒட்சிசனை வெளிவிடும். எரிவதும் எரியத் தேவையான காற்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் தீ அது. மணலைக் கொட்டி மூடினாலும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். ஒரு கலம் பக்கத்துக் கலத்தைச் சூடாக்க, அது அடுத்ததைச் சூடாக்க, சங்கிலி தொடரும். தீயணைப்புப் படையினர் மணிக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது சூட்டை இழுத்து அந்தச் சங்கிலியை அறுப்பதற்காக. இரும்பு பொஸ்பேற்று வகைப் பற்றரிகள் இந்த விடயத்தில் அதிக நிதானமானவை.

பகையைத் தீ என்று சொன்ன பிரசங்கம் எழுதப்பட்ட ஊருக்கு அருகேயே, 1983 ஜூலையில், மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் கொளுத்தப்பட்டது. வெளியிலிருந்து விறகு தேவைப்படாத, உள்ளுக்குள்ளேயே எல்லாம் வைத்திருக்கும் தீ மனிதரிடமும் உண்டு என்பதற்கு மாத்தளைத் தமிழர்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. கோயிலை மீண்டும் எழுப்பினார்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் மாத்தளை வீதிகளில் இன்றும் ஓடுகின்றன.

அந்தக் கோயிலின் தெய்வம் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உரியவள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மாரியம்மனை அவர்கள் கூட்டிவந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. அம்மை கண்ட வீட்டில் நோயைத் திட்டமாட்டார்கள். வந்திருப்பவள் அம்மன் என்று மரியாதையாகப் பேசுவார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வேப்பிலைக்குப் பக்தியோடு இன்னொரு வேலையும் உண்டு. இந்த வீட்டில் சூடு இருக்கிறது, உள்ளே வராதீர்கள் என்று அயலுக்குச் சொல்லும் அறிவிப்பு அது. தன் வீட்டுச் சூடு பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்ற பொறுப்பு அந்தக் கொத்தில் இருக்கிறது. பார்ப்பவருக்குச் சூடு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும் பண்பு. புகைக்குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் அந்தப் பண்பு இல்லை.

சைவம் இன்னும் கடினமான ஒரு வழியையும் நினைவில் வைத்திருக்கிறது. ஆலகால நஞ்சை உமிழ்ந்தால் உலகம் அழியும், விழுங்கினாலும் தீங்கு. சிவன் அதைக் கழுத்திலேயே நிறுத்திக்கொண்டான். யாருக்கும் கைமாற்றாமல் தன்னிடமே வைத்துக்கொண்டவன் அவன். அப்படிப்பட்டவனைக் குளிர்விக்கும் கடமை அடியவர்களுக்கு வருகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் திருவண்ணாமலையில் இலிங்கத்தின் மேல் தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாக நீர் விழவிடுவது அதனால்தான். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பது, வெசாக்குக்குச் சிங்கள அயலவர்கள் தன்சல் போட்டு வழிப்போக்கரை மறித்துப் பானம் கொடுப்பது, நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவது என்று இந்த வட்டாரத்தில் வீதிக்குக் குளிர்ச்சி கொடுப்பது மூன்று சமயத்துக்கும் பொதுவான அறம். அதே வீதிக்கு நாள் முழுவதும் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை இந்த அறத்தோடு சேர்த்துப் பார்க்காமல் இருப்பதுதான் நம் குறை. குளிரூட்டியைப் போட்டபடி எஞ்சினை ஓடவிட்டு யாருக்காகவோ காத்திருக்கும் கார், தன்சலுக்கு எதிரான செயலைச் செய்கிறது. இதைச் சமயக் குற்றமாகவே எண்ணத் தொடங்கினால் நல்லது.

மின்கார் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறதா? வீதிக்கு விடும் சூட்டைப் பெரிதும் குறைக்கிறது, அதற்காக அதை வரவேற்கலாம். ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. உக்குவளையில் மின்னேற்றுகிறவர் பக்கத்து மின் நிலையத்தின் தண்ணீர் தன் காருக்குள் ஓடுவதாக மகிழ முடியாது. நாட்டின் மின்சாரம் எல்லாம் ஒரே வலையமைப்பில் கலக்கிறது. அதில் பெரும் பங்கு புத்தளம் நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்துடையது. கார்னோவின் விதி அங்கேயும் உண்டு. நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கு மேல் கடல்நீரிலும் காற்றிலும் விடப்படுகிறது. கரித்தூளும் சாம்பலும் காற்றில் வந்து தோட்டங்களில் படிவதாகக் கற்பிட்டிப் பக்கத்து விவசாயிகளும் மீனவர்களும் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். சூட்டை வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டார், அவ்வளவே. கண்ணுக்கு எட்டாததால் கவலை குறைவது மனித இயல்பு. ஆனால் அது விடுதலை ஆகாது.

நீர்மின்சாரமும் யாருக்கும் கடன்படாத செல்வம் இல்லை. பொல்கொல்லையில் திருப்பிய தண்ணீர் உக்குவளையில் மின்சாரமாகி, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் ஓடி, போவத்தென்னையில் மறுபடி திருப்பப்பட்டுக் கலாவாவி வரை வறண்ட வலய வயல்களுக்குப் போகிறது. அதே அளவு தண்ணீர் மகாவலியின் கீழே விக்டோரியா அணைக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. வயலுக்கா, விக்டோரியாவின் விசையாழிக்கா என்ற இழுபறி ஒவ்வொரு வரட்சியிலும் வரும். தேவைக்கு மேல் பாரமான மின்கார் ஒன்று அந்த இழுபறியில் தானும் ஒரு கை போடுகிறது. ஒருவர் வேலைக்குப் போய்வர இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி எதற்கு என்ற கேள்வியைத்தான் தீயையும் விறகையும் பற்றிப் பேசிய புத்தர் முதலில் கேட்டிருப்பார். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், மெதுவாக ஓட்டுவதும் சிறிய வண்டியில் போவதும் பஸ்ஸில் ஏறுவதும்தான் உண்மையில் குளிர்விக்கும் செயல்கள்.

எப்போது மின்னேற்றுகிறோம் என்பதும் அதே வரிசையில் வரும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும். எண்ணெய் எரிக்கும் நிலையங்களை அப்போது கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருகியை மாட்டுகிறவர் அந்தத் தீக்கு விறகு போடுகிறார். நண்பகலிலோ நிலைமை தலைகீழ். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து வெயில் மட்டும் கொட்டியபோது, கூரைகளின் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே மக்களைக் கேட்டுக்கொண்டது. வாங்க ஆளில்லாமல் வெயில் வீணான அதே நாட்களின் இரவுகளில் நிலக்கரி எரிந்தது. கார்கள் பகலில் வேலைத்தலங்களில் நிற்கின்றன, அங்கே செருகி இல்லை, நிழலும் இல்லை. வெயிலில் காய்ந்த பற்றரிக்கு மின்னேற்றுவது அதற்கும் கேடு. உக்குவளைப் புகையிரத நிலையத்தருகேயும் பிரதேச செயலகத்திலும் கோயில், விகாரை, பள்ளிவாசல் முற்றங்களிலும் வண்டி நிறுத்துமிடத்துக்குச் சூரியத் தகட்டுக் கூரை போடலாம். மேலே மின்சாரம், கீழே நிழல். 1880 முதல் ரயில் ஓடும் ஊர் என்பதால், காரை அங்கே விட்டுவிட்டுக் கண்டிக்கு ரயிலில் போய்வர வழியும் இருக்கிறது.